வேளாப்பூர் இறக்கம்

அன்று பண்டரிபுரம் போகும் வழியில், வேளாப்பூர் இறக்கத்தில் நம்மவர்களாக இருந்தவர்கள் இவர்கள்: தாராவி மெயின் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் வானமாமலையாகிய நான், என் மனைவி சொர்ணம்மாள், செம்பூர் திலக் நகரில் குடியிருந்துகொண்டு டிராம்பேயில் கேன்டீன் நடத்தும் சுயம்பு, அவர் மனைவி பிச்சம்மாள், எங்கள் சாமான் லாரியை ஓட்டிவந்த மேலப்பாளையத்து ஹமீது. மற்றபடி சாலை கொள்ளாத மராட்டியக் கூட்டம். அதில் எங்கள் குழுவுக்குத் தலைவரான ராவ்ஜி புவாவையும் சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம். என் மகள் சந்திரலேகா அங்கே இல்லை. சுயம்புவின் மகன் அய்யாத்துரையும் இல்லை. ஆனால் நடந்ததெல்லாம் அவர்கள் இருவர் பொருட்டு. மேலே சொன்னவர்களைத் தவிர வேறு யார் இதைப் பற்றி என்ன சொன்னாலும் அது கேள்விப்பட்ட பேச்சு.

அறுபத்தைந்தாம் வருஷம் வைகாசியில் அவர்கள் இருவருக்கும் நிச்சயதாம்பூலம் வைத்திருந்தோம். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மாதுங்காவில் ஒரு கோயில் மண்டபத்தைப் பேசியிருந்தோம். அங்கேதான் கோளாறு. என் வீட்டில் வைத்திருந்தால் வாசலில் நின்று வரவேற்கும் கடமை என்னுடையது. அவர் வீடென்றால் அவருடையது. கோயில் வாசல் யாருடையது?

நான் பழத்தட்டுகளோடு வந்த பெண்களுக்கு முன்னால் நின்றேன். சுயம்பு டாக்சியில் வந்து இறங்கினார். நேருக்கு நேர் நின்றோம். நான் வயதில் மூத்தவன்; இளையவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும். அவர் மாப்பிள்ளையைப் பெற்றவர். பெண்ணைப் பெற்றவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. இருவரும் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றோம். நாயனக்காரர் வாசித்த உருப்படியை முடித்துவிட்டு, அடுத்ததை ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் எங்களைப் பார்த்தார். சுயம்பு திரும்பி, போய்க்கொண்டிருந்த டாக்சியைக் கைதட்டிக் கூப்பிட்டார். நான் தட்டுகளைத் திருப்பச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் சந்திரலேகா, தலையில் வைத்த பூவைக்கூட எடுக்காமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் கை சுளுக்கா?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. இன்னொருத்தருக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன். ஆடி பொறக்குறதுக்குள்ள முடிச்சா முடிங்க. இல்லன்னா ஃபோர்ட்ல ஏதாவது ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுருவேன். அப்புறம் இந்த வீட்டுல கல்யாணப் பேச்சே பந்த்."

பம்பாயில் பிறந்த பெண். பேச்சு அப்படித்தான் இருக்கும். ஆனால் சொன்னதை மாற்றுகிறவள் இல்லை. அந்த விஷயத்தில் அவள் என் மகள்தான். இதற்கிடையில் தேவ்நாரில் ஒரு பெண் வீட்டார் சுயம்பு வீட்டுக்கு ஆள் விட்டிருப்பதாக ஹமீது வந்து சொன்னான். பெரியவர்கள் இரண்டு பக்கமும் போய்ப் பேசிப் பார்த்தார்கள். "அவர் வந்து கும்பிடட்டும், நான் தடையே சொல்லவில்லை" என்றேன். அங்கேயும் அதே பதில்தான் கிடைத்ததாம், ஒரு எழுத்து மாறாமல்.

ஆனி பிறந்தது. ஒருநாள் சொர்ணம்மாள் சாப்பாடு போடும்போது சொன்னாள்:

"பாண்டுரங்கனுக்கு நேர்ந்துக்கிட்டேன். ஆலந்தியிலருந்து பண்டரிபுரம் வரைக்கும் நடக்கணும். பக்கத்து வீட்டு மராட்டிக்காரி திண்டியோட போறேன்."

"திண்டி எதுக்கு? அரிசி, அவல், வெல்லம் எல்லாம் நம்ம கடையிலருந்தே எடுத்துக்கோ."

"திங்கிற திண்டி இல்லங்க. சேந்து நடக்கிற கூட்டத்துக்கு அவங்க பாஷையில திண்டின்னு பேரு."

எங்கள் வீட்டுப் பெண் ஊர் பேர் தெரியாத கூட்டத்தோடு காடு மேடெல்லாம் தனியே நடப்பதா? கடையைத் தங்கை மகனிடம் விட்டேன். சந்திரலேகாவை மாதுங்காவில் என் தங்கை வீட்டில் விட்டேன். காவலுக்குத்தான் போனேன். பக்திக்கு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ஆலந்தி போய்ச் சேர்ந்ததும், சாமான் மட்டும் ஏற்றிவந்த ஹமீதின் லாரியிலிருந்து மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். லாரியின் அந்தப் பக்கத்தில் ஒருவர் புதுக் குடையோடு இன்னொரு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். சுயம்பு. அவரும் தம் மனைவிக்குக் காவல் வந்தவர்தான். சொர்ணம்மாளும் பிச்சம்மாளும் ஒரே நேரத்தில் வானத்தில் மழை வருமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். ஹமீது லாரிக்கு அடியில் எதையோ தேடப் போனான். சனிக்கிழமை பஜனைக்கு மாதுங்கா போகிற இரண்டு பெண்களும் ஒரு டிரைவரும் சேர்ந்து செய்த வேலை என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

திரும்பிப் போயிருப்பேன். போனால், அவரைக் கண்டு பின்வாங்கினேன் என்று ஆகும். அவரும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். ஆக, இருவரும் நடந்தோம்.

ஆனால் அந்தப் புறப்பாட்டை நான் எப்படிச் சொல்ல? அவ்வளவு தாளங்களை ஒன்றாக நான் கேட்டதில்லை. காவிக் கொடிகள் சாலையை அடைத்துக்கொண்டு போயின. ஒவ்வொரு மிருதங்கத்துக்கும் முன்னால் ஆண்கள் குதித்துக் குதித்து ஆடினார்கள். மீசை நரைத்தவர்கள், பேரன் எடுத்தவர்கள். மழை கொட்டியபோது ஒருவரும் ஒதுங்கவில்லை. பாட்டைத்தான் இன்னும் உரக்கப் பாடினார்கள். எனக்குக் கால் தாளத்துக்குப் போனது. அதை நடையாக மாற்றிக்கொண்டேன்.

வழியில் ஓர் உயரமான குடியானவர் தடால் என்று என் காலில் விழுந்தார். "மாவுலி!" என்றார். நான் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டேன். அவர் எழுந்து, எதற்கோ காத்திருப்பவர்போல் ஒரு நொடி நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே அடுத்தவர் காலில் விழுந்தார். அந்த ஆள் உடனே இவர் காலில் விழுந்தார். அதுதான் அங்கே வழக்கம் என்று தெரிந்தது. தெரிந்தும் நான் வளையவில்லை.

ஆனால் அந்தப் பெயர் என்னை உறுத்தியது. தண்ணீர் கொடுக்கிறவன் மாவுலி என்கிறான். வழி கேட்கிறவன் மாவுலி என்கிறான். என் பாட்டனார் பெயர் எனக்கு வைக்கப்பட்டது. நாங்குநேரிப் பெருமாள் பெயர் அது. கடையில் கடன் கேட்க வருகிறவன்கூட வானமாமலை அண்ணாச்சி என்று முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் கேட்பான். சாப்பாட்டுக்குத் தங்கிய இடத்தில் ஹமீதைக் கூப்பிட்டேன்.

"ஏல ஹமீது, இந்த ஆளுககிட்ட சொல்லு. என் பேரு வானமாமலை. வெட்டிச் சுருக்கி மாவுலின்னு கூப்பிடுற வேலை வேண்டாம்."

ஹமீது வாயைத் திறப்பதற்குள் மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுயம்புவின் குரல் வந்தது. என்னிடம் பேசவில்லை, ஹமீதிடம்தான்.

"அப்படியே நம்ம பேரையும் சொல்லிரு ஹமீது. நான் சுயம்பு. காலையிலருந்து என்னையும் மாவுலி மாவுலிங்கானுவ. அவரு பேர என் தலையில கட்டுதானுவ!"

"என் பேரை அவருக்கும் குடுத்துட்டாங்களா!" என்று நான் எழுந்தேவிட்டேன்.

ஹமீது லாரியின் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சத்தம் கேட்டு ராவ்ஜி புவா வந்தார். ஹமீது அவரிடம் இந்தியில் விஷயத்தைச் சொன்னான். புவா சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் பார்த்துக் கைகூப்பிவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "ஆயி."

"அம்மாவாம் அண்ணாச்சி" என்றான் ஹமீது. "மாவுலின்னா அம்மா. இங்க ஆம்பளை, பொம்பளை, சின்னவன், பெரியவன், எல்லாரையும் அம்மான்னுதான் கூப்பிடுவாங்களாம்."

சொர்ணம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூடியும் பயனில்லை.

"காலையிலருந்து ஊரே அம்மா அம்மான்னு கூப்பிட்டிருக்கு. இவுக என்னடான்னா பத்திரத்துல பேரு தப்பாப் போன மாதிரி குதிக்காக."

"அது போகட்டும் மைனி" என்றாள் பிச்சம்மாள். "ரெண்டு அம்மையும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிற அழகப் பாருங்க."

நான் சோற்றுத் தட்டைப் பார்த்தேன். சுயம்பு குடையை விரித்தார். அப்போது மழையே இல்லை.

புனேயைத் தாண்டி திவே மலைப்பாதை வந்தது. அந்த ஏற்றத்தை ஏறியவர்களுக்குத்தான் தெரியும். மேகம் தோளில் இடிக்கிறது. பின்னால் திரும்பினால் கீழே வளைவுக்கு வளைவு கொடிகளும் தலைகளும். பாட்டு அடிவாரத்திலிருந்து அலை அலையாக மேலே ஏறி வருகிறது. பாதி வழியில் என் செருப்பின் வார் அறுந்தது. கழற்றிப் போட்டுவிட்டு நடந்தேன். உச்சிக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது, ஏன் என்று தெரியாமல்.

அங்கே தலையில் துளசி மாடத்தைச் சுமந்த ஒரு அம்மாள் எனக்கு எதிரே வந்து நின்றாள். பித்தளை மாடம், அதில் மண், செடி எல்லாம். "மாவுலி" என்றாள். அவளால் குனிய முடியாது. குனிந்தால் துளசி விழுந்துவிடும். அதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு கையால் மாடத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையை நெஞ்சில் வைத்தாள்.

இவள் முதலில் குனியட்டும் என்று காத்திருக்க அங்கே வழியே இல்லை. என் முதுகு என்னைக் கேட்காமல் வளைந்தது. என் நெற்றி அவளுடைய சேற்றுக் காலில் பட்டது. எழுந்தபோது அவள் போய்விட்டாள். ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்ததுபோல் தோள் லேசாக இருந்தது. அந்தக் காற்றில் கத்த வேண்டும்போல் இருந்தது. "விட்டல்!" என்று பாண்டுரங்கன் பெயரைக் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது.

பக்கத்தில் பார்த்தால் சுயம்பு நிற்கிறார். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். மறுநாள் காலையில், நான் பார்க்கும்படியாக, கரும்பு பயிரிடும் ஒரு குடியானவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது போட்டி. அவர் இரண்டு பேர் காலில் விழுந்தால் நான் நான்கு பேர் காலில் விழுந்தேன். நான் தண்ணீர் கொடுக்கிறவனை விழுந்து கும்பிட்டால் அவர் மாட்டு வண்டிக்காரனைத் தேடிப் போவார். ஹமீது ரேடியோவில் கிரிக்கெட் சொல்கிறவனைப் போல லாரி ஜன்னலில் இருந்து கத்துவான்: "செம்பூர் லீடிங்! தாராவி, ஜல்தி ஜல்தி!" வேட்டியின் முழங்கால் மடிப்பில் சேறு போகவே இல்லை. என் முதுகு வலித்தது; பிறகு வலி நின்றுவிட்டது; பிறகு எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் நாங்கள் காலில் விழாத ஆட்கள் இருந்தார்கள் என்றால், எனக்கு அவர், அவருக்கு நான்.

காரணம் இருக்கிறது. முகம் தெரியாதவர்களுக்கு முன்னால் நான் வெறும் மாவுலி. சுயம்புவுக்கு முன்னால் நான் வானமாமலை. நான் குனிந்தால் என் அப்பா, பாட்டனார், எங்கள் தெரு, எங்கள் கடைப்பலகை எல்லாம் சேர்ந்து குனியும். அப்படித்தான் அன்று நினைத்திருந்தேன்.

பிறகு குதிரை ஓட்டம் வந்தது. திறந்த வெளியில் கூட்டம் வட்டமாக நிற்க, நடுவில் ஆள் ஏறாத ஒரு குதிரை பாய்ந்து வரும். சுவாமியே அதன் மேல் அமர்ந்திருப்பதாக நம்பிக்கை. மிருதங்கங்கள் வெறிகொண்டு முழங்கின. குதிரை வால் பறக்க எங்களை உரசிக்கொண்டு போனது, தரை அதிர்ந்தது, அதன் குளம்பு பட்ட மண்ணை அள்ள ஆயிரம் பேர் பாய்ந்தார்கள். நானும் பாய்ந்தேன். யாரோ என் கையைப் பிடித்து உலுக்கினார்கள்.

"பாருங்க அண்ணாச்சி, பாருங்க! என்னா வேகம்! றெக்க இருக்குவே அதுக்கு!"

சுயம்பு. கண்ணெல்லாம் தண்ணீர். என்னைப் பார்த்தவுடன் கையை இழுத்துக்கொண்டார்.

"ஹமீதுகிட்டச் சொன்னேன்" என்றார்.

ஹமீது அங்கே எங்கேயும் இல்லை.

அன்று சாயங்காலம் சொர்ணம்மாள் என் கால் கொப்புளத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே கேட்டாள்: "பண்டரிபுரம் கிட்ட வந்துட்டு. அது முடிஞ்சா ஆடியும் வந்துரும். ஊரு திரும்பினதும் பிள்ள மூஞ்சியப் பாக்கணும்லா. என்ன சொல்லட்டும்?"

"அவர் வந்து கும்பிட்டால்..." என்று தொடங்கினேன். அந்த வாக்கியம் வாயில் நிற்கவில்லை. பாதியிலேயே விட்டுவிட்டேன். அவள் துணியை இறுக்கிக் கட்டினாள், தேவைக்கு மேலேயே இறுக்கமாக.

மறுநாள் வேளாப்பூர். அந்த மேட்டில் நின்று ஒரு பழைய அடியார் தூரத்தில் பண்டரிபுரத்துக் கோபுரத்தைக் கண்டாராம். கண்டவுடன் தாங்க முடியாமல் ஓடினாராம். அதனால் அந்த இறக்கத்தில் எல்லோரும் ஓட வேண்டும். மேட்டில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தாளம் நின்றது. ராவ்ஜி புவா கொடியை உயர்த்தினார்.

நான் ஓடி தாராவியில் யாரும் பார்த்ததில்லை. சயான் ஸ்டேஷனில் ரயில் கண்ணெதிரே புறப்பட்டாலும் அடுத்த ரயிலுக்கு நிற்பேனே தவிர ஓட மாட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பதும் எங்கள் வீட்டு வழக்கம் இல்லை.

கொடி இறங்கியது. ஓடினேன்! வேட்டியை மடித்துக் கட்டியது எப்போது என்று நினைவில்லை. தோள் துண்டு பறந்து போனது, திரும்பிப் பார்க்கவில்லை. மழை ஊசியாக முகத்தில் குத்தியது. இரண்டு பக்கமும் கொடிகள், துளசி மாலைகள், தலைப்பாகைகள், எல்லாம் என்னோடு சேர்ந்து சரிந்து ஓடின. "மாவுலி! மாவுலி!" என்று மேடே கத்தியது. நானும் கத்தினேன். எனக்கு இருபது வயதில் இருந்த கால்கள் எங்கேயோ காத்திருந்து அன்று திரும்பி வந்தன.

பக்கத்தில் குடையை ஈட்டிபோலப் பிடித்துக்கொண்டு சுயம்பு ஓடி வந்தார். என்னைவிடக் கனத்த உடம்பு. நடுவில் அவர் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போனது. நான் முந்திப் போயிருக்கலாம்.

"உதறிட்டு வாரும்வே!" என்று கத்தினேன்.

ஹமீது வழியாக அல்ல. நேராக அவரிடம்.

செருப்பை உதறிவிட்டு வந்தார். இருவரும் ஒன்றாக அடிவாரத்தில் போய் நின்றோம். மூச்சு கொல்லன் துருத்தியாக இரைந்தது. சுற்றிலும் எல்லோரும் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து எழுந்து தழுவிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நின்றோம், மாதுங்கா கோயில் வாசலில் நின்ற அதே இடைவெளியில். மேட்டில் இருந்து சொர்ணம்மாளும் பிச்சம்மாளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கி வருவது தெரிந்தது. சாலை ஓரத்து லாரியில் ஹமீது ஹாரனில் கை வைத்தபடி அமர்ந்திருந்தான்.

அப்போது சுயம்பு குடையைத் தரையில் வைத்தார்.

ஆலந்தியிலிருந்து கையை விட்டுப் பிரியாத குடை அது. கீழே வைக்கிறார் என்றால் இரண்டு கையும் எதற்கோ வேண்டியிருக்கிறது. என் மகள் போய் வாழப்போகிற வீட்டின் பெரியவர் ஊர் பார்க்கக் குனிவார். நான் நிமிர்ந்து நின்று அதை வாங்கிக்கொள்வேனா? அதுவா எங்கள் வீட்டு மரியாதை? இவரை முந்தவிடக் கூடாது. அந்த ஒரு எண்ணம்தான்.

விழுந்தேன். நெற்றி, மார்பு, முழங்கால், எல்லாம் தரையில் பட. இரண்டு கையாலும் அவர் பாதத்தைப் பிடித்தேன்.

"ஐயோ அண்ணாச்சி... எந்திரிங்க சம்பந்தி, எந்திரிங்க! நானும் விழணும்லா, இடம் விடுங்க!"

சம்பந்தி. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அப்போதுதான் முதல் முறையாக வந்தது. நான் எழுவதற்குள் அவரும் என் மேலேயே விழுந்துவிட்டார். இரண்டு பேரும் சேற்றில் கட்டிப் பிடித்துக்கொண்டு, எழ முடியாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். ஹமீது ஹாரனை அழுத்தினான். அது நிற்காமல் அலறியது. பெண்கள் இருவரும் ஓடிவந்து எங்களைத் தூக்கினார்கள். பிச்சம்மாள் அழுதுகொண்டே, "நல்ல ரெண்டு அம்மை" என்றாள்.

பண்டரிபுரத்தில் தரிசனம் முடித்து பம்பாய் திரும்பினோம். ஆடி பிறப்பதற்கு முன்பே அதே மாதுங்கா மண்டபத்தில் தாம்பூலம் மாற்றினோம். சுயம்பு டாக்சியில் இருந்து இறங்கும்போதே கையைக் கூப்பிக்கொண்டு இறங்கினார். நானும் தெருவிலேயே கூப்பிக்கொண்டு நின்றிருந்தேன். சந்திரலேகா என் காதருகே வந்து, "சுளுக்கு போயிருச்சா அப்பா?" என்றாள். ஆவணியில் திருமணம். நாயனம் நிற்கவே இல்லை.

இப்போது தாராவியிலும் மாதுங்காவிலும் ஒரு பேச்சு உலவுகிறது. வேளாப்பூர் இறக்கத்தில் மழைச் சேற்றில் கால் வழுக்கி வானமாமலை அண்ணாச்சி விழுந்தார், விழுந்த இடத்தில் தற்செயலாகச் சுயம்புவின் கால் இருந்தது, அதிலேயே சம்பந்தம் கூடிவிட்டது என்கிறார்கள். இதை முதலில் சொன்னது சொர்ணம்மாள். உறவுக்காரி ஒருத்தி, "மாப்பிள்ளை வீட்டுக்காரர் காலிலயா விழுந்தாக?" என்று உதட்டைச் சுழித்தபோது, என் கௌரவத்தைக் காப்பாற்ற அவள் அப்படிச் சொல்லிவிட்டாள். நல்லெண்ணத்தில் சொன்னாள். ஆனாலும் தவறு.

சேறு இருந்தது. நான் வழுக்கவில்லை. விழுந்து கும்பிட்டேன். முதலில் விழுந்தவனும் நான்தான்.